குடல் வரைக்கும் போனால் போதும்

அத்தைக்கு மூட்டுவலி. பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தபோது அலமாரியிலிருந்து ஒரு டப்பாவை எடுத்து என் கையில் கொடுத்தார். "இதைக் கொஞ்சம் படிச்சுச் சொல்லேன்பா, எழுத்து பொடிப்பொடியா இருக்கு." மஞ்சள் கேப்சூல். ஒன்றில் மஞ்சளின் முக்கியப் பொருளான குர்குமின் 500 மில்லிகிராம், கூடவே மிளகுச் சத்து 5 மில்லிகிராம். '95 சதவீதம்' என்று கொட்டை எழுத்தில். அதற்குக் கீழே, இப்போதெல்லாம் எந்தப் பொட்டலத்திலும் பார்க்கிற அதே வரி: நோய் எதிர்ப்பு சக்தியைக் கூட்டும், அழற்சியைக் குறைக்கும்.

இந்த இரண்டும் ஒன்றையொன்று இடிக்கும் என்பது அச்சடித்தவருக்குத் தோன்றவில்லை. காலில் முள் குத்துகிறது. கொஞ்ச நேரத்தில் அந்த இடம் சிவக்கிறது, வீங்குகிறது, தொட்டால் சுடுகிறது, விண்விண்ணென்று தெறிக்கிறது. அங்கே காவலுக்கு இருந்த மேக்ரோஃபேஜ் செல்கள் சைட்டோகைன் என்னும் ரசாயனத் தூதை அனுப்ப, ரத்தக் குழாய்கள் விரிந்து, நியூட்ரோஃபில் செல்கள் கூட்டமாக வந்து இறங்குகின்றன. எதிர்ப்பு சக்தி வேலை செய்வதற்குப் பெயர்தான் அழற்சி. முடக்குவாதத்திலும் லூபஸிலும் சொரியாசிஸிலும் எதிர்ப்பு சக்தி குறைந்துபோகவில்லை. அடங்க வேண்டிய நேரத்தில் அடங்காமல் சொந்த உடம்பையே அடிக்கிறது. கொரோனா நாட்களில் ஊரெல்லாம் எதிர்ப்பு சக்தியைக் கூட்டிக்கொண்டிருந்தபோது, வென்டிலேட்டரில் கிடந்தவர்களின் சாவை மூன்றில் ஒரு பங்கு குறைத்தது டெக்ஸாமெத்தசோன். எதிர்ப்பை அடக்குகிற ஸ்டீராய்டு அது. 2020 ஜூனில் பிரிட்டனில் நடந்த பெரிய ஆய்வு அதைச் சொன்னது.

ஆகவே நாம் சாப்பிடும் செடிகொடிகள் எதிர்ப்பு சக்தியை எவ்வளவு கூட்டுகின்றன என்று கேட்பதில் பொருளில்லை. வேளைக்கு எழுந்து வேளைக்கு அடங்கும் பழக்கத்தை அந்தச் செல்களுக்குக் கொடுக்கின்றனவா, கொடுத்தால் எந்த இடத்தில் கொடுக்கின்றன என்று கேட்கலாம். எந்த இடத்தில் என்பதைத்தான் டப்பாக்கள் பேசுவதே இல்லை.

மஞ்சளையே எடுத்துக்கொள்வோம். 1986-இல் ரஞ்சன் சென், டேவிட் பால்டிமோர் இருவரும் எதிர்ப்புச் செல்களில் ஒருவகையான பி செல்களில் ஒரு புரதத்தைக் கண்டுபிடித்தார்கள். என்எஃப்-கப்பா-பி என்று பெயர். சும்மா இருக்கும் நேரத்தில் இது செல்லுக்குள் கட்டிப்போட்ட மாதிரி கிடக்கும். பாக்டீரியா வந்துவிட்டது என்ற தகவல் எட்டியதும் கட்டு அவிழ்ந்து, உட்கருவுக்குள் நுழைந்து, அழற்சிக்கான மரபணுக்களை ஒவ்வொன்றாக முடுக்கிவிடும். 1995-இல் குர்குமின் இதைத் தடுக்கிறது என்று ஓர் ஆய்வு வந்தது. ஆய்வகக் கிண்ணத்தில் மேக்ரோஃபேஜ்களை வளர்த்து, பாக்டீரியாவின் மேலுறைத் துணுக்கை ஊற்றினால் அவை டிஎன்எஃப், ஐஎல்-6 என்று சைட்டோகைன்களைக் கொட்டும். குர்குமினை முன்கூட்டியே ஊற்றி வைத்திருந்தால் கொட்டுவது வெகுவாகக் குறையும். அதற்குப் பிறகு இதே பாணியில் வந்த கட்டுரைகளுக்கு அளவே இல்லை. அந்தத் துறையில் அதிகம் மேற்கோள் காட்டப்பட்ட ஓர் ஆய்வாளரின் கட்டுரைகள் பலவற்றைப் பின்னாளில் இதழ்களே திரும்பப் பெற்றுக்கொண்டன. ஆனாலும் கிண்ணத்தில் குர்குமின் வேலை செய்கிறது என்பது பொய்யில்லை.

கிண்ணத்திலிருந்து உடம்புக்கு வரும்போதுதான் கணக்கு உதைக்கிறது. நல்ல மஞ்சள்தூளில் குர்குமின் சுமார் 3 சதவீதம். ஆளுக்கு ஒரு நாளைக்கு 2 கிராம் தூள் உள்ளே போகிறது என்று தாராளமாக வைத்துக்கொண்டாலும் 60 மில்லிகிராம்தான் தேறும். கிண்ணத்தில் வழக்கமாக ஊற்றும் அளவு 5 முதல் 20 மைக்ரோமோலார் (திரவத்தில் எவ்வளவு கலந்திருக்கிறது என்பதற்கான அலகு). 2001-இல் தைவானில் நோயாளிகளுக்கு நாளொன்றுக்கு 8 கிராம் குர்குமினைக் கொடுத்து ரத்தத்தில் அளந்து பார்த்தார்கள். சராசரி உச்சம் 1.77 மைக்ரோமோலார். 8 கிராம் குர்குமின் வேண்டுமானால் கால் கிலோவுக்கு மேல் மஞ்சள்தூளைத் தின்ன வேண்டும், தினமும். குர்குமின் தண்ணீரில் கரையாது. குடலின் சுவரைத் தாண்டும் கொஞ்சத்தையும் அங்குள்ள செல்களும் ஈரலும் உடனே வேறொன்றாக மாற்றி வெளியே தள்ளிவிடும்.

'அதற்குத்தான் மிளகு' என்பார்கள். 1998-இல் பெங்களூரு செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியில் செய்த சோதனை அது. 2 கிராம் குர்குமினோடு மிளகின் காரப்பொருளான பைபெரின் 20 மில்லிகிராம் கொடுத்தபோது, உடம்புக்குக் கிடைத்த அளவு 2000 சதவீதம் கூடியது. இந்த எண் இல்லாத மஞ்சள் விளம்பரம் இன்றைக்குக் கிடையாது. மிளகு இல்லாமல் கொடுத்தபோது இருந்தது கிட்டத்தட்ட ஒன்றுமில்லை என்பதை யாரும் சேர்த்துச் சொல்வதில்லை. இருபதால் பெருக்கிய பிறகும் உச்சம் அரை மைக்ரோமோலார்தான். அதுவும் முக்கால் மணி நேரத்தில் ஏறி, ஏறிய வேகத்தில் இறங்கிவிட்டது. பைபெரின் குர்குமினுக்கென்று தனியாகக் கதவு திறப்பதில்லை. உடம்பு வேண்டாததை வெளியேற்றும் வேலையை அது மந்தப்படுத்துகிறது. வலிப்புக்குக் கொடுக்கும் ஃபெனிடாய்ன் போன்ற மருந்துகளின் அளவும் அதனால் ரத்தத்தில் ஏறும். ரசத்தில் போடும் மிளகுக்குப் பயப்பட வேண்டியதில்லை. தினசரி மாத்திரை சாப்பிடுகிறவர் பைபெரின் கேப்சூலைத் தொடுமுன் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது.

"ஆனா எனக்கு வலி குறையுதேப்பா" என்றார் அத்தை. குறையலாம். ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாவில் மூட்டுத் தேய்மானம் உள்ள 70 பேருக்கு 12 வாரம் மஞ்சள் சத்தோ வெற்று மாத்திரையோ கொடுத்துப் பார்த்த ஆய்வு 2020-இல் வெளியானது. மஞ்சள் சாப்பிட்டவர்களுக்கு வலி ஓரளவு அதிகமாகவே குறைந்தது. ஸ்கேன் எடுத்துப் பார்த்தால் மூட்டுக்குள் இருந்த நீரும் வீக்கமும் மாறவில்லை. அழற்சியைக் குறைத்துத்தான் வலி குறைகிறது என்கிற கதை அங்கே நிற்கவில்லை.

ஆக, ரத்தத்துக்குள் போவது சொற்பம். மிச்சம்? மிச்சமெல்லாம் குடலிலேயே கிடக்கிறது. அது வீண் என்று நினைத்துத்தான் கம்பெனிகள் எண்ணெய்த் துளியிலும் நுண்ணுருண்டையிலும் குர்குமினைப் பொதிந்து ரத்தத்துக்குள் தள்ளப் பாடுபடுகின்றன. எனக்கு இதில் வேடிக்கையாகப் படுவது, மஞ்சளுக்குக் கிடைத்த மனித ஆதாரங்களில் உருப்படியான ஒன்று குடலைப் பற்றியதாகவே இருப்பதுதான். 2006-இல் ஜப்பானில், பெருங்குடலில் புண் வந்து வந்து ஆறும் அல்சரேடிவ் கொலைட்டிஸ் நோயாளிகள் 89 பேர். நோய் அடங்கியிருந்த நேரத்தில், வழக்கமான மருந்தோடு பாதிப் பேருக்கு நாளுக்கு 2 கிராம் குர்குமின், மீதிப் பேருக்கு வெற்று மாத்திரை. ஆறு மாதத்தில் குர்குமின் எடுத்தவர்களில் 43 பேரில் 2 பேருக்கும், எடுக்காதவர்களில் 39 பேரில் 8 பேருக்கும் நோய் திரும்பியது. சின்ன ஆய்வுதான், மருந்தை நிறுத்திவிட்டுச் செய்ததும் இல்லை. ஆனால் ரத்தத்துக்குப் போகாத பொருள், போகத் தேவையில்லாத இடத்தில் நின்று வேலை பார்த்திருக்கிறது.

குடலை ஏதோ சாக்கடைக் குழாய் மாதிரி நாம் நினைத்துக்கொள்கிறோம். நோய் எதிர்ப்புச் செல்கள் பெருங்கூட்டமாகக் குடியிருக்கும் இடம் அது. விரித்துப் போட்டால் சுமார் 30 சதுர மீட்டர் வரும் பரப்பு. வெளியுலகத்தையும் உடம்பையும் பிரிப்பது ஒற்றை அடுக்குச் செல். அந்த அடுக்கு நாலைந்து நாளுக்கு ஒருமுறை புதிதாகிக்கொண்டே இருக்கும். சிறுகுடலில் அந்தச் செல்களுக்கு நடுநடுவே, பத்துக்கு ஒன்று என்ற கணக்கில், டி செல்கள் என்னும் ஒருவகை எதிர்ப்புச் செல்கள் செருகி உட்கார்ந்திருக்கின்றன. கிருமி வந்தால் தடுப்பது, கீறல் விழுந்தால் ஆற்றுவது, சாப்பாட்டைப் பார்த்துக் கத்தாமல் இருப்பது எல்லாம் அவற்றின் வேலை. இவை உயிரோடு நிற்பதற்கே காய்கறி வேண்டும் என்று எலிகளிடம் தெரிந்தது 2011-இல்.

அதற்குள் போகுமுன் கடுகு. காய்ந்த கடுகை மோந்து பாருங்கள், ஒரு வாசமும் இருக்காது. இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டு அம்மியில் நசுக்குங்கள். மூக்கில் சுரீரென்று ஏறி கண்ணில் நீர் வரும். அந்த நெடி விதைக்குள் இருந்ததில்லை. சினிக்ரின் என்ற பொருள் ஓர் அறையிலும், மைரோசினேஸ் என்ற நொதி வேறோர் அறையிலும் பிரிந்து கிடக்கின்றன. நசுங்கும்போது இரண்டும் ஈரத்தில் சந்தித்து அந்த நெடியை அங்கேயே உண்டாக்குகின்றன. கடிக்க வரும் புழுவுக்காகச் செடி வைத்திருக்கும் ஆயுதம் அது. தாளிக்கும்போது முழுக் கடுகைக் காய்ந்த எண்ணெயில் போடுகிறோம். நசுங்கும் முன்பே நொதி செத்துப்போகிறது. அதனால்தான் வெடித்த கடுகு கொட்டைபோல மணக்குமே தவிர மூக்கைத் தாக்காது.

கடுகின் உறவுக்காரர்கள் எல்லாரிடமும் இந்த ஏற்பாடு உண்டு: முட்டைக்கோஸ், காலிஃபிளவர், நூல்கோல், முள்ளங்கி, புரோக்கோலி. கொஞ்சம் தூரத்துச் சொந்தமான முருங்கையிடமும் உண்டு. தாவரவியலில் கோஸும் முருங்கையும் பப்பாளியும் ஒரே வரிசையில் வருகின்றன. கோஸை நறுக்கும்போது சினிக்ரினுக்குப் பக்கத்திலேயே குளுக்கோபிராசிசின் என்ற இன்னொன்றும் உடைந்து, இண்டோல்-3-கார்பினால் என்ற பொருள் பிறக்கிறது. அது வயிற்று அமிலத்தில் மேலும் இணைந்து வேறு சில இண்டோல்களாகிறது. கேம்பிரிட்ஜுக்குப் பக்கத்தில் உள்ள பாப்ரஹாம் நிலையத்தில் மார்க் வெல்தோவன் குழு எலிகளுக்கு இரண்டு மூன்று வாரம் காய்கறி வாடையே இல்லாத செயற்கைத் தீனி கொடுத்தது. குடல் சுவரில் செருகியிருந்த அந்த டி செல்களில் 70 முதல் 80 சதவீதம் காணாமல் போயின. தீனியில் இண்டோல்-3-கார்பினாலைச் சேர்த்ததும் செல்கள் தங்கின. எலிக்குக் கொடுத்த அளவை நம் சாப்பாட்டுத் தட்டோடு நேராக ஒப்பிட முடியாது. மனிதரில் இவ்வளவு துலக்கமாகக் காட்டியவர் யாருமில்லை. ஆனால் எதன் வழியாக இது நடக்கிறது என்பது நன்றாகத் தெரியும், அந்தக் கதை விசித்திரமானது.

அந்த டி செல்களுக்குள் ஏஹெச்ஆர் என்று ஒரு ஏற்பி, அதாவது வந்து ஒட்டும் பொருளை உணரும் புரதம், இருக்கிறது. 1970-களில் இதைத் தேடிப் போனவர்கள் காய்கறியைப் பற்றி நினைக்கவே இல்லை. அவர்கள் தேடியது டையாக்ஸின் உடம்பில் எதைப் பிடித்துக்கொள்கிறது என்று. வியட்நாம் காடுகளில் தெளித்த ஏஜென்ட் ஆரஞ்சில் கலந்திருந்த நஞ்சு; 2004-இல் உக்ரைன் அரசியல்வாதி யூஷ்செங்கோவின் முகத்தை உருமாற்றியதும் அதுதான். தொழிற்சாலையும் குப்பை எரிப்பும் பெருக்கிய ஒரு நஞ்சுக்கு ஏற்பியை ஏன் நாம் உடம்புக்குள் வைத்திருக்கிறோம் என்பது பல காலம் புதிராக இருந்தது. அது டையாக்ஸினுக்காக உண்டானதே இல்லை. கோஸின் இண்டோல், குடல் பாக்டீரியா டிரிப்டோஃபானிலிருந்து செய்யும் இண்டோல், இவற்றைச் சுவைத்துப் பார்க்க இருந்த நாக்கில் டையாக்ஸின் வந்து ஒட்டிக்கொண்டது.

இண்டோல் ஒட்டியதும் செல் அதை உடைக்கும் நொதிகளைச் செய்து சில மணி நேரத்தில் அழித்துவிடும். மணி ஒருமுறை அடித்து நிற்கும். டையாக்ஸினை அந்த நொதிகளால் உடைக்க முடியாது. அதில் பாதி வெளியேறவே மனித உடம்பில் ஏழு ஆண்டு வாக்கில் ஆகும். அதுவரை மணி நிற்காமல் அடிக்கும். ஒரே ஏற்பி, ஒரே பூட்டு. எவ்வளவு நேரம் ஒட்டியிருக்கிறது என்பதுதான் உணவையும் நஞ்சையும் பிரிக்கிறது. 'சீக்கிரம் அழிந்துபோகிறது' என்பதை ஒரு குறையாகப் பார்த்து, நாள் முழுக்க ரத்தத்தில் நிற்கும்படி கேப்சூல் செய்கிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

புரோக்கோலியின் சல்ஃபொரஃபேனும் இப்படித்தான். 1992-இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் பால் தலலே குழு பிரித்தெடுத்தது. செல்லுக்கு அது லேசான எரிச்சல். அதைத் தாங்க என்ஆர்எஃப்2 என்ற இன்னொரு புரதம் எழுந்து, தற்காப்பு நொதிகளைப் பெருக்கி, போகிற போக்கில் மேக்ரோஃபேஜ்களின் அழற்சி மரபணுக்களையும் மட்டுப்படுத்துகிறது. செடியின் ஆயுதம் சிறிதளவில் நமக்குக் கவாத்துப் பயிற்சி.

எல்லாவற்றையும் நம் செல்களே நேராகத் தொட்டுப் பார்ப்பதும் இல்லை. மாதுளையிலும் நெல்லிக்காயிலும் இருக்கும் துவர்ப்பான எல்லஜிடானின்கள் பெரிய மூலக்கூறுகள், குடல் சுவரைத் தாண்டாது. பெருங்குடலில் சில பாக்டீரியாக்கள் அவற்றை நறுக்கி யூரோலித்தின் என்று மாற்றுகின்றன. செல்களை எட்டுவது அதுதான். அந்த பாக்டீரியா எல்லார் வயிற்றிலும் இல்லை. பத்தில் ஒருவர் வாக்கில் யூரோலித்தின் செய்வதே இல்லை. ஒரே நெல்லிக்காயை அண்ணனும் தம்பியும் தின்றாலும் இரண்டு பேர் உடம்பில் நடப்பது ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. 'எனக்குக் கேட்டது, நீயும் சாப்பிடு' என்கிற சிபாரிசு அடிக்கடி சொதப்புவதற்கு இது ஒரு காரணம்.

நார்ச்சத்தும் அப்படியே. பாக்டீரியா அதைப் புளிக்க வைத்து பியூட்டிரேட் என்னும் அமிலத்தைத் தருகிறது. 2013-இல் மூன்று குழுக்கள், ஜப்பானின் ரிக்கென் உட்பட, பியூட்டிரேட் போன்ற அமிலங்கள் எலிக் குடலில் ஒழுங்குபடுத்தும் டி செல்களைப் பெருக்குவதைக் காட்டின. மற்ற செல்களை 'போதும், அடங்கு' என்று அதட்டும் செல்கள் அவை. மஞ்சளுக்கும் பச்சைத் தேயிலைக்கும் கிடைக்கும் விளம்பரம் பயறுக்கும் கீரைத்தண்டுக்கும் கிடைப்பதில்லை, ஆனால் இவற்றின் பக்கம்தான் ஆதாரம் கனமாக இருக்கிறது. அதிலும் சிக்கல் உண்டு. ஸ்டான்ஃபோர்டில் 36 பேரை இரண்டு கூட்டமாகப் பிரித்து 10 வாரம், ஒரு கூட்டத்துக்கு நார்ச்சத்து, இன்னொரு கூட்டத்துக்குத் தயிர் மாதிரியான புளித்த உணவு. 2021-இல் வந்த முடிவு: புளித்த உணவுக்காரர்களின் ரத்தத்தில் 19 அழற்சிப் புரதங்கள் குறைந்தன, நார்ச்சத்துக்காரர்களுக்கு அப்படி ஒரே சீராகக் குறையவில்லை. ஆளாளுக்கு மாறியது, அதுவும் தொடக்கத்தில் அவரவர் வயிற்றில் எத்தனை வகை பாக்டீரியா இருந்தது என்பதைப் பொறுத்து. வேலையாளே இல்லாத பட்டறையில் மரத்தைக் கொண்டுவந்து அடுக்கி என்ன பயன்?

செடியின் பொருளே ரத்தத்தில் ஏறி எதிர்ப்புச் செல்லை நேராகக் கட்டிப்போட்ட உதாரணமும் நம்மிடம் உண்டு. தமிழ்நாட்டின் மாநிலப் பூவான செங்காந்தள். தாராபுரம், ஒட்டன்சத்திரம் பக்கத்து விவசாயிகளுக்கு அது கண்வலிக் கிழங்கு. அதன் விதையில் கிடைக்கும் கால்ச்சிசின், நியூட்ரோஃபிலின் உள்ளிருக்கும் நுண்குழல்களைக் கலைத்து, வலிக்கும் இடத்துக்கு அது நகர முடியாமல் செய்கிறது. கவுட் நோய்க்குப் பழைய மருந்து. நாளுக்கு அரை மில்லிகிராம் போதும், மாரடைப்பு திரும்ப வருவதையும் குறைக்கிறது என்று ஆயிரக்கணக்கானோரிடம் செய்த ஆய்வுகள் சொல்ல, 2023-இல் அமெரிக்கா அதற்கும் அனுமதி கொடுத்தது. அந்தக் கிழங்கையோ விதையையோ யாரும் கூட்டு வைத்துச் சாப்பிடுவதில்லை, தெரியாமல் தின்று இறந்தவர்கள் உண்டு. அழற்சியை உண்மையாகவே பிடித்து நிறுத்தும் செடிப்பொருளுக்கு அளவு மில்லிகிராமில் இருக்கும், பக்கத்தில் எச்சரிக்கையும் இருக்கும்.

கேப்சூல் மஞ்சளும் எச்சரிக்கைக்கு அப்பாற்பட்டதில்லை. மருந்துகளால் வரும் ஈரல் பாதிப்பைக் கண்காணிக்கும் அமெரிக்க வலையமைப்பு 2022-இல் மஞ்சள் சத்தால் ஈரல் கெட்ட 10 பேரைப் பற்றி எழுதியது, ஒருவர் இறந்துபோனார். பத்தில் ஏழு பேரிடம் ஒரே எச்எல்ஏ மரபணு வகை இருந்தது. எச்எல்ஏ என்பது 'இது நம்முடையது, இது அந்நியம்' என்று டி செல்களுக்குக் காட்டும் புரதம். அதாவது எதிர்ப்பு சக்தியே ஈரலைத் தாக்கியிருக்கலாம். குழம்பு மஞ்சளில் இந்தப் பேச்சு எழுவதில்லை. 60 மில்லிகிராமும், மிளகோடு தினமும் 1000 மில்லிகிராமும் உடம்புக்கு ஒன்றல்ல.

அத்தையிடம் இவ்வளவையும் சொல்லவில்லை. பிபி மாத்திரை எழுதிக் கொடுக்கும் டாக்டரிடம் அந்த டப்பாவைக் காட்டச் சொன்னேன், அவ்வளவுதான். பிறகு அடுப்படியில் கோஸ் பொரியலுக்கு ஏற்பாடு நடந்தது. "நறுக்கின உடனே அடுப்புல போடாதீங்க அத்தை, கொஞ்ச நேரம் அப்படியே கிடக்கட்டும். அந்த நொதி வேலை செய்யணும். வேக வச்சுத் தண்ணியை வடிக்கவும் வேண்டாம், எல்லாம் அதோட போயிடும். பூண்டு தட்டினாலும் பத்து நிமிஷம் விடுங்க." கடுகுத்தூளை இறக்கும்போது தூவினால் செத்த நொதிக்கு ஈடாகும் என்று பிரிட்டனில் ரெடிங் பல்கலைக்கழகத்துக்காரர்கள் வேகவைத்த புரோக்கோலியில் காட்டியதையும் சொன்னேன், சல்ஃபொரஃபேன் உடம்புக்குக் கிடைப்பது நாலு மடங்குக்கு மேல் கூடியது.

"நான் எப்பவுமே கோஸை நறுக்கி வச்சுட்டுத்தானே மத்த வேலை பார்ப்பேன்" என்றார். நம் முன்னோர் எல்லாம் அறிந்தே செய்தார்கள் என்று வாட்ஸ்அப்பில் வருமே, அதற்குத் தோதான இடம். ஆனால் கோஸ் நம் முன்னோர் பார்த்த காயே இல்லை. நீலகிரியில் இன்றும் அதற்கு இங்கிலீஷ் காய்கறி என்றுதான் பெயர்.

ஏன் அப்படிச் செய்கிறீர்கள் என்று கேட்டேன்.

"தேங்காய் துருவணுமே. அதுக்குத்தான் நேரமாகும்."